ஆளில்லாத கரை என்று ஒன்று இல்லை

பழைய ரயில்வே சுவரொட்டிகளுக்கு இப்போது பெரிய மவுசு. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ரயில் கம்பெனிகள் தங்கள் நிலையங்களில் ஒட்டிய கடற்கரை விளம்பரங்கள் இன்று ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றின் நகல்கள் காபிக் கடைச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் தொங்குகின்றன. மஞ்சள் மணல், ஆழ்ந்த நீலத்தில் கடல், ஒரு சிவப்புக் குடை, நீச்சலுடையில் ஒரு பெண். அவ்வளவுதான் படம். அதைப் பார்த்து மனம் லயிக்கிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். எல்லோரும் குடும்பத்தோடு கடலுக்குப் போய் மகிழ்ந்த ஒரு பொற்காலத்துக்கு அந்தப் படங்கள் சாட்சி என்பது ஒன்று. நம் கரைகளை அப்படி வரைந்து உலகத்துக்குக் காட்ட ஆளில்லாததால்தான் புன்னைக்காயல் போன்ற ஊர்கள் யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன என்பது மற்றொன்று. தூத்துக்குடி மாவட்டத்தில் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டாவது ஏக்கம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. இந்தக் கரைகளையே பழைய சுவரொட்டிப் பாணியில் வரைந்து கைபேசியில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களிலும் மணல் காலியாகத்தான் இருக்கிறது.

இரண்டு கருத்தும் தவறு. முதலாவது வரலாற்றுப் பிழை. இரண்டாவது அந்தப் பிழையை நம் கரையில் கொண்டுவந்து நடுகிற வேலை. அதனால் வரக்கூடிய கேடு படத்தோடு நிற்காது.

அந்தப் படங்களின் அழகை நான் மறுக்கவில்லை. லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்காக டாம் பர்விஸ் வரைந்தவற்றைப் பாருங்கள். நிழல் விழுந்த இடமும் வெயில் பட்ட இடமும் ஒட்டுத்துணி வெட்டி வைத்ததுபோல் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஒரு கோடுகூட வீணாக இருக்காது. அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் கலைஞனின் மேதைமை மட்டுமல்ல. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனியாக ஏற்றி அச்சடிக்க வேண்டும். வண்ணம் கூடினால் செலவும் கூடும். நடைமேடையில் அவசரமாகப் போகிறவரின் கண்ணில் ஒரே நொடியில் படம் பதிய வேண்டும். ஆகவே எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் விட்டார்கள். மணலும் கடலும் வானமும் மிஞ்சின. விளம்பரம் என்ற முறையில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் விற்பதற்காக வரைந்ததை இன்று வரலாற்று ஆவணமாக நாம் வாசிப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

1931-இல் பர்விஸ் ‘கிழக்குக் கரை இன்பங்கள்’ என்ற பெயரில் ஆறு சுவரொட்டிகள் கொண்ட ஒரு வரிசையை வரைந்தார். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஆறும் சேர்ந்து ஒரே நீண்ட கடற்கரையாகத் தெரியும். வெயில் காய்வது, குளிப்பது, குழந்தைகள் மணலில் ஆடுவது என்று ஒவ்வொன்றிலும் ஓர் இன்பம். அதில் ஒன்று மீன்பிடித்தல். விடுமுறைக்கு வந்தவர் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் மீன்பிடித்தல் அது. அதே கிழக்குக் கரையில் யார்மவுத், லோஸ்டாஃப்ட் துறைமுகங்கள் அன்று ஹெர்ரிங் மீனுக்குப் பேர்போனவை. இலையுதிர் காலம் வந்தால் ஸ்காட்லாந்திலிருந்து மீன் அரியும் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்வார்கள். கத்திக்குத் தப்புவதற்காக விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, உப்பும் செதிலும் கையை அறுக்க, காலையிலிருந்து இருட்டும்வரை நின்று பீப்பாய்களை நிரப்புவார்கள். அவர்களை ஏற்றிவரத் தனி ரயில்களே ஓடின. கிரிம்ஸ்பியிலிருந்து மீன் ஏற்றிய வண்டிகள் லண்டன் நோக்கி ஓடின. மீனையும் அதை அரிந்த பெண்களையும் ஏற்றிக் காசு பார்த்த அதே ரயில்வேதான், தன் கரையின் இன்பங்களை வரையச் சொன்னபோது வேலைக்காக மீன் பிடிக்கிற ஒருவரையும் அந்த வரிசையில் விடவில்லை.

மீனவர் வருகிற படங்களும் உண்டே என்று கேட்பார்கள். உண்டு. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ஒரு மீனவர் படம்தான். 1908-இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊருக்காக ஜான் ஹாசல் வரைந்த படத்தை 12 கினி கொடுத்து வாங்கியது. தொப்பை பெருத்த ஒரு மீனவர் கையை விரித்துக்கொண்டு மணலில் துள்ளி ஓடுகிறார். கீழே, லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து 3 ஷில்லிங்குக்குப் போய் வரலாம் என்ற அறிவிப்பு. அவர் கையில் வலை இல்லை. மீனவருக்கான உடையும் பூட்ஸும் இருக்கின்றன, வேலை மட்டும் இல்லை. வரைந்த ஹாசல் அதுவரை ஸ்கெக்னஸைப் பார்த்ததே இல்லை; 1936-இல்தான் முதல்முறையாகப் போனார். ஒரு கரையைக் கண்ணால் காணாமலே அதன் முகத்தை வரைந்துவிட முடியும், அந்த முகமே அந்த ஊரின் அடையாளமாக நூறு ஆண்டு நிலைத்தும் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

‘எல்லோரும் போன பொற்காலம்’ என்ற பேச்சையும் பார்த்துவிடலாம். பிரான்சில் ரோஜர் புரோடர்ஸ் பி.எல்.எம். ரயில்வேக்காக வரைந்த தென்கடற்கரைப் படங்களை இன்று உலகமே கொண்டாடுகிறது. அவை 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் வந்தவை. பிரெஞ்சுத் தொழிலாளிக்குச் சட்டப்படி இரண்டு வாரச் சம்பள விடுப்பு கிடைத்தது 1936-இல், அதுவும் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு. பிரிட்டனில் சம்பள விடுப்புச் சட்டம் வந்தது 1938-இல். ஆக, மிகச் சிறந்த படங்கள் ஒட்டப்பட்டபோது அவற்றின் முன்னால் நடந்துபோன உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்குக் கடற்கரையில் ஒரு வாரம் என்பது சம்பளத்தை இழந்தால் மட்டுமே கிடைக்கும் வாரம். லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் பிளாக்பூலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனது உண்மை. அந்த வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அதை உண்டாக்கியவை மலிவுக் கட்டண உல்லாச ரயில்களும், வெறும் எழுத்தில் அச்சடித்த துண்டறிக்கைகளும், தொழிலாளர்கள் தாங்களே சீட்டுக் கட்டிச் சேர்த்த காசும். அந்தத் துண்டறிக்கைகளை இன்று யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 1920-களின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களும் விளம்பர அலுவலகம் வைத்து, ‘இந்தியாவுக்கு வாருங்கள்’ என்று படம் போட்டன. தாஜ்மகால், காசிப் படித்துறை, காஷ்மீர், டார்ஜிலிங், அரண்மனை, யானை. ஆங்கிலத்தில் எழுதி, லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தவர்களைக் கூப்பிட்ட படங்கள் அவை. இந்த நாட்டு ரயில்களில் கோடிக்கணக்கில் போனவர்கள் மூன்றாம் வகுப்புப் பயணிகள். அந்த வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி காந்தி 1917-இல் தனியாகவே எழுதினார். படத்துக்கும் பெட்டிக்கும் இருந்த தூரம் அவ்வளவு.

தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்தது. கடலில் கால் நனைக்க விரும்பியவர்களுக்காக அந்தப் பாதையைப் போடவில்லை. கரிசல் காட்டுப் பருத்தி துறைமுகத்துக்குப் போக வேண்டும், உப்பு உள்நாட்டுக்குப் போக வேண்டும், கொழும்புக் கப்பலுக்கு ஆள் போக வேண்டும். ஆள் என்றால் பெரும்பாலும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிக்கொண்டு போன குடும்பங்கள். தென்னிந்திய ரயில்வேயின் இந்தக் கடற்கரை நிலையம் அந்த மக்கள் மூட்டையோடு இறங்கிய நிலையம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, கொழும்புப் பயணிகளை ஏற்றிய கப்பல் ரயிலின் வழி தனுஷ்கோடி–தலைமன்னார் என்று மாறிய பிறகு, மண்டபத்தில் அவர்களைத் தடுத்து வைத்து மருத்துவச் சோதனை செய்து அனுப்பினார்கள். அந்த முகாமின் பெயரில் இன்றும் அங்கே ஒரு நிலையம் இருக்கிறது. அதே இடம் பின்னால் இலங்கை அகதிகளின் முகாமாயிற்று. கடற்கரையும் ரயிலும் சேர்ந்த நம் வரலாறு இது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளையர் கம்பெனியின் கொழும்புக் கப்பலுக்குப் போட்டியாகத் தன் கப்பல்களை விட்டதும் இதே கரையில்தான். ஒரு கப்பல் டிக்கெட் எந்தக் கம்பெனியுடையது என்பது நாட்டுப்பற்றைச் சொன்ன காலம் அது. இவ்வளவு கனமான கதை உள்ள கரைக்கு ஒரு குடையும் ஒரு நாற்காலியும் வரைந்தால் அடையாளம் வந்துவிடும் என்று எப்படி நம்புகிறோம்?

நமக்குக் கடற்கரைக்குப் போய் மகிழும் பழக்கமே இருந்ததில்லை, விளம்பரம்தான் அதைக் கற்றுத்தர வேண்டும் என்பவர்களும் உண்டு. இவர்கள் ஒருமுறை கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் வந்து பார்க்கட்டும். சூரசம்ஹாரத்தன்று அந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது. தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் வரட்டும். ஆகஸ்ட் 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி வரட்டும். இந்து, கிறிஸ்தவர் என்ற வேற்றுமை இல்லாமல் கூட்டம் சேர்வதைப் பார்க்கட்டும். ஆடி அமாவாசைக்குக் கடலில் மூழ்கி எழுந்து முன்னோரை நினைக்கிறவர்களைப் பார்க்கட்டும். 1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் வந்தபோது, அதற்கு முன்பே கட்டுச்சோற்றோடு நடந்தும் வண்டி கட்டியும் வந்துகொண்டிருந்த கூட்டத்தைத்தான் அது ஏற்றிக்கொண்டது. கடலுக்குப் போவது நமக்குக் குடும்பத்தோடும் ஊரோடும் சேர்ந்த காரியம். அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே படகும் வலையும் இருக்கும். ஒன்றை ஒன்று விரட்டியதில்லை.

நம் இலக்கியமும் கடற்கரையைக் காலியாகப் பார்த்ததில்லை. நெய்தல் திணைப் பாடல்களில் காதல் நடப்பதே உணங்கல் மீனுக்கு நடுவில்தான். காய்கிற மீனைப் பறவை கவ்வாமல் காவல் இருக்கும் பெண், உப்பு வண்டியோடு வரும் உமணர், இரவில் திமிலில் விளக்கோடு போகும் பரதவர் என்று எல்லோரும் அந்த அழகுக்குள் இருக்கிறார்கள். உழைக்கிற மனிதர் நின்றால் கடற்கரையின் அழகு கெடும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, நம் புலவர்களிடமிருந்து வரவில்லை.

இப்போது புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்து ஊர். ஊருக்கு ரயில் கிடையாது. திருச்செந்தூர் பாதையில் ஆறுமுகநேரியில் இறங்கிச் சாலை வழியாக வர வேண்டும். ‘கண்டுபிடிக்கப்படாத கரை’ என்று இதைச் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் பக்கத்துப் பழையகாயல் என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. போர்ச்சுகீசியர் காலத்தில் முத்துக்குளித்துறையின் முக்கிய இடங்களில் ஒன்று புன்னைக்காயல். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார் 1586-இல் வெளிக்கொணர்ந்த ‘அடியார் வரலாறு’ இந்த ஊரில்தான் அச்சேறியது என்று அச்சு வரலாற்றை ஆராய்ந்தவர்களில் பலர் சொல்கிறார்கள். உலகச் சந்தைக்கு முத்து அனுப்பிய கரை இது; தூத்துக்குடி முத்துப்பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. சங்குகுளிப்பு இன்றும் இந்தக் கடலில் உண்டு. நானூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த ஊரை ஒரு படம் வந்து இனிமேல்தான் அறிமுகம் செய்ய வேண்டுமா?

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே மணல் காலியாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. அல்லது கோடை விடுமுறையில் வருகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மற்ற நாட்களிலும் அவர்கள் இறங்குவது பதினோரு மணி வாக்கில். அதற்குள் மீன்பாடு வந்து, கரையில் ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட பெட்டிகள் வண்டியேறி, கூடைக்காரப் பெண்களும் ஊர்களுக்குள் போய்விட்டிருப்பார்கள். அப்போது வெறிச்சென்று இருப்பது ஓய்வில் இருக்கும் வேலைத்தளம். படகை இழுத்து ஏற்ற அந்த மணல் வேண்டும். வலையை விரித்துக் கிழிசல் பார்க்க வேண்டும். சாளையும் நெத்திலியும் காயப்போட வேண்டும். கரைவலை இழுக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு பிடிக்க நீளமான வெற்றுக் கரை வேண்டும். நடுவில் நான்கு நாற்காலி போட்டால் அந்தத் தொழில் நின்றுபோகும். வாடையடிக்கும் மாதங்களில் படகுகளை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறி வந்ததைப் பார்த்தவர்களுக்கு, முகத்துவாரத்து மணல் ஒரே இடத்தில் இருப்பதல்ல என்பதும் தெரியும். சுவரொட்டியில் எப்போதும் ஒரே பருவம்தான். இங்கே கொண்டல், சோழகம், கச்சான், வாடை என்று காற்றுக்கு ஏற்ப மணலின் வேலையும் மாறுகிறது.

படம்தானே, அதில் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். சென்னையைப் பாருங்கள். 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லி, மணலில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்றியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. காலி மணலே அழகு என்ற எண்ணம் அதிகாரத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் தலைநகரமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2023-லும் அதே கரையில் நொச்சிக்குப்பம் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காயிற்று. தனுஷ்கோடியில் இன்னொரு விதம். 1964 டிசம்பர் புயல் ரயிலையும் ஊரையும் அள்ளிக்கொண்டு போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டுத் தொழில் செய்கின்றன. அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் அதை ‘ஆவி ஊர்’ என்று படம் பிடித்துப் போகிறார்கள். உயிரோடு இருக்கிற மக்களின் முன்னால் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்வதற்கு எப்படி மனம் வருகிறது?

சுற்றுலா வந்தால் மீனவருக்கும் வருமானம் வருமே என்பது இந்தப் படங்களுக்கு ஏங்குகிறவர்களின் வலுவான வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. கடலில் பாடு குறைந்துவருகிற காலத்தில் வேறு வருமானம் தேவைப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் கடற்கரை விடுமுறைக்கென்று ரயில்வே உண்மையாகவே வளர்த்த இந்திய ஊர் ஒன்று நம் கண்முன் இருக்கிறது. பெங்கால் நாக்பூர் ரயில்வே பூரியில் சொந்தமாக ஓட்டல் நடத்தியது. வெள்ளைக்காரரும் கல்கத்தா கனவான்களும் அலையில் குளிக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள, கூம்புத் தொப்பி போட்ட நுலியாக்கள் கூலிக்குக் கிடைத்தார்கள். அவர்கள் ஆந்திரக் கரையிலிருந்து வந்த, தெலுங்கு பேசும் மீனவர்கள். கடலின் போக்கு முழுவதும் தெரிந்தவர்களுக்கு அந்த விடுமுறையில் கிடைத்த இடம் குளிப்பவர் கையைப் பிடிக்கும் வேலை. பூரியின் கடலோரம் ஓட்டல்களால் நிறைந்தது. மீனவர்களின் பெந்தகோட்டா இன்றும் நெருக்கடியான குடியிருப்பு. வருமானம் வந்தது, யாருக்கு வந்தது என்பது கரை யாருடைய பெயரில் இருந்தது என்பதைப் பொறுத்தது. புன்னைக்காயல் மீனவர் தன் மணலை விட்டுக்கொடுக்காமல், தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து, தான் பிடித்த மீனைச் சமைத்துப் போட்டுச் சம்பாதிப்பது வேறு. கரையைக் காலி செய்துகொடுத்துவிட்டு அங்கேயே காவலாளி ஆவது வேறு. காலி மணல் படம் எப்போதும் இரண்டாவதைத்தான் கேட்கிறது.

இதனால்தான் சுவரொட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கி வரைபடத்தில் வந்து நிற்கிறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இல் ஒருமுறையும் 2019-இல் ஒருமுறையும் மாற்றி வெளியிட்டார்கள். 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கும் இடம் கொடுத்தது. இந்த அறிவிக்கையின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கடலோர மேலாண்மை வரைபடம் தயாராகிறது. தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்களில் மீனவக் குடியிருப்புகளும், படகு நிறுத்தும் இடங்களும், வலை உலர்த்தும் மணலும், மீன் காயப்போடும் களங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன. அந்த வரைபடத்தில் குறி இல்லாத மணல் நாளை எந்தத் திட்டத்துக்கும் கிடைக்கக்கூடிய மணல். நூறு வருடத்துக்கு முன் ரயில் கம்பெனி தன் சுவரொட்டியில் விட்ட வெற்றிடம் டிக்கெட் விற்றது. அரசு வரைபடத்தில் விடுகிற வெற்றிடம் ஊரையே விற்கும்.

பழைய படங்களை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். வீட்டில் மாட்டிக்கொள்ளட்டும். புன்னைக்காயலையும் மணப்பாட்டையும் வேம்பாரையும் அதே பாணியில் வரைய உட்காரும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாடு வந்து இறங்கும் விடியற்காலையில் ஒருநாள் கரைக்கு வாருங்கள், அங்கே நிற்கிறவர்களோடு சேர்த்துக் கரையை வரையுங்கள். எங்கள் கரையோர ஊர்க் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்ட வரைபடம் கருத்துக் கேட்புக்கு வரும்போது கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். படகு ஏற்றும் இடம், வலைக்களம், கருவாட்டுக் களம், ஏலம் போடும் இடம், கரைவலை இழுக்கும் எல்லை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எது விடுபட்டிருந்தாலும் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.